மிர்லானுக்குக் கொடுத்த கை

நாற்பத்தைந்து டிகிரியில் மரத்தை வெட்டுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரே காலையில் யாரும் கற்றுக்கொள்ளலாம். கோண ரம்பத்தின் மேசையைத் திருப்பி எண்ணில் நிறுத்த வேண்டும். மரத்தைப் பின்பலகையோடு ஒட்ட வைத்துப் பிடிக்க வேண்டும். பிடிக்கிற கை ரம்ப வட்டுக்கு ஒரு சாணாவது தள்ளி இருக்க வேண்டும். சாய்வெட்டில் மரம் மெல்ல நகரப் பார்க்கும், ஆகவே இடுக்கி போட்டு இறுக்கிவிடுவது நல்லது. வட்டு முழு வேகத்துக்கு வந்த பிறகுதான் இறக்க வேண்டும். வெட்டி முடிந்ததும் விசையை விட்டுவிட்டு, வட்டு நிற்கும்வரை கீழேயே அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். நின்ற பிறகுதான் மேலே விடலாம். கரகோலில் எங்கள் பட்டறையில் பதினோரு வருடமாக இதைத்தான் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். மிர்லானுக்கு முன்னால் அங்கே ஒருவனுக்கும் ஒரு நகம்கூடப் போனதில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நிதானமாகவே எழுதுங்கள், எனக்கு அவசரம் இல்லை. டீ நன்றாக இருக்கிறது. நான் உள்ளே வந்ததும் நீங்கள் எழுந்து, வலக்கையை நீட்டி, இடக்கையை அதற்குக் கீழே துணைக்குக் கொடுத்துச் சலாம் சொன்னீர்கள். விசாரணை அதிகாரியாக இருந்தும் வயதில் மூத்தவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தீர்கள். உங்களை நன்றாக வளர்த்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் பலர் ஒரு கையை மட்டும் நீட்டிவிட்டு, கண்ணைக் கைப்பேசியில் வைத்திருக்கிறார்கள்.

என் பெயர் ஒமுர்பெக். வயது நாற்பத்தொன்பது. பழைய பேருந்துக் கொட்டகையில்தான் எங்கள் பட்டறை. ஏரிக்கரையில் கட்டுகிற விருந்தினர் விடுதிகளுக்கு நிலைச்சட்டம், சன்னல் சட்டம், கூரையும் சுவரும் சேருகிற இடத்தில் ஒட்டுகிற அலங்காரச் சட்டம் எல்லாம் செய்கிறோம். பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறோம். இயந்திரங்களின் பாதுகாப்பு என் பொறுப்பு. தினமும் ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, பதிவேட்டில் "சரி" அல்லது "பழுது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

எங்கள் ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. காலையில் வருகிறவன் ஒருவர் விடாமல் கை கொடுத்துக்கொண்டு வருவான். கையில் பசை இருந்தால் மணிக்கட்டை நீட்டுவார்கள், அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போவான். மரத்தூள் பறக்கிற இடத்தில் இது ஆபத்து. ஐந்து வருடத்துக்கு முன்னால் எங்கள் ஆட்களில் ஒருவன், பாக்கித், இப்படித்தான் ஓடுகிற ரம்பத்துக்கு மேலாகக் கையை நீட்டி, சட்டைக் கைப்பட்டியை அதற்குத் தின்னக் கொடுத்தான். மறுநாளே சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதினேன்: "ரம்பத்தில் நிற்பவனுக்குச் சலாம் இல்லை." ஒரு வாரம் எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பாக்கித்துக்கு வாய் சும்மா இருக்காது.

"சொர்க்கத்துலகூட சலாம் உண்டாம்பா. நம்ம அண்ணன் பட்டறைல மட்டும் கெடையாது. செத்தாலும் இந்தப் பக்கம் வந்துடாதீங்கடா."

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு பழகிவிட்டது.

மிர்லான் நாரின் பக்கத்துக்காரன். வயது முப்பத்தாறு. இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தான். விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவன் அவன் ஒருவன்தான். அவன் இரண்டு சட்டங்களைச் சாய்வாக வெட்டி மூலையில் சேர்த்தால் இடையில் ஒரு முடி நுழையாது. எனக்கு அவனைப் பிடித்திருந்தது, அதில் பொய்யில்லை. அதனால்தான் போன இலையுதிர் காலத்தில் எங்கள் வீட்டுச் சமையலறை சன்னலைச் சரிசெய்ய அவனையே அழைத்துப் போனேன்.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் தம்பி எசென் நான்கு வருடத்துக்கு முன்னால் பனியில் கார் உருண்டு இறந்துபோனான். அவன் மனைவி பெர்மெத்தும் மகள் சாய்காலும் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். என் மனைவி மாஸ்கோவில் துப்புரவு வேலையில் இருக்கிறாள். ஆறு வருடமாகிறது. வாரம் ஒருமுறை பேசுவாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆகவே எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். எசெனின் மகள் எசெனின் வீட்டில் வளர வேண்டும். அவள் எங்கள் ரத்தம். வேறொருவன் கூரைக்குக் கீழே, வேறொருவன் ஊரில் அவள் வளரக் கூடாது. நான் செய்ததெல்லாம் அந்தக் குழந்தைக்காகச் செய்தது. ஏழு வயது அவளுக்கு. எட்டா? உங்கள் தாளில் எட்டு என்று இருந்தால் எட்டுதான்.

பெர்மெத் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தது பத்து வருடத்துக்கு முன்னால், செப்டம்பர் பதினான்காம் தேதி. மழை தூறிக்கொண்டிருந்தது. வெள்ளை முக்காட்டின் இடது ஓரத்தில் சேறு தெறித்திருந்தது. கணவன் வீட்டு மூத்தவர்களின் பெயரை மருமகள் சொல்லக் கூடாதே, ஆளுக்கொரு பெயரை அவளாக வைத்துக்கொள்ள வேண்டுமே. எனக்கு "நிதானக்காரர்" என்று வைத்தாள். நேரில் மாமா என்பாள். மற்றவர்களிடம் பேசும்போது நிதானக்காரர். அந்தப் பெயரை இன்றுவரை காப்பாற்றியிருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

மிர்லான் சன்னல் வேலைக்கு மூன்று நாள் வந்தான். இரண்டாம் நாள் நான் முற்றத்தில் கை கழுவிக்கொண்டிருந்தபோது சமையலறையில் பெர்மெத் சிரித்தாள். எசென் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. நான்கு வருடம் நான் அந்த வீட்டில் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். எனக்குப் பிடிக்கவில்லை. வயிறு எரிந்தது என்றே எழுதுங்கள், பரவாயில்லை. குழந்தையை நினைத்துத்தான்.

ஜனவரியில் மிர்லான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து கேட்டான். பெர்மெத்தைக் கட்டிக்கொண்டு, அவளையும் குழந்தையையும் எல்லை தாண்டி அல்மாட்டிக்கு அழைத்துப் போகிறானாம். அங்கே அவன் அக்கா இருக்கிறாள், வேலையும் இருக்கிறது.

"சாய்கால் எப்ப வேணா வந்து போவாண்ணே. அவ உங்க வீட்டுப் புள்ளதான். நீங்க ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான்."

பெர்மெத் கதவருகே நின்றிருந்தாள். "மாமா சரின்னா போறேன். வேணாம்னா இங்கயே இருந்துடறேன்" என்றாள். தலையைக் குனிந்தபடிதான் சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். அவளும் இருந்திருப்பாள். ஆனால் எப்படி இருந்திருப்பாள்? டீயை ஊற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பாள். நான் தடுத்தேன் என்பது காலமெல்லாம் எங்களுக்கு நடுவில் கிடந்திருக்கும். அவன் தானாகவே விலகிப் போக வேண்டும் என்பதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. மிர்லான் மானக்காரன். கைத்தொழிலை நம்பிப் பிழைக்கிறவன், கை போன பிறகு ஒரு பெண்ணைப் பார்த்து என்னோடு வா என்று சொல்லமாட்டான். உயிர் போக வேண்டிய அவசியமே இல்லை. அதில் நான் கவனமாக இருந்தேன்.

மூன்று வாரம் பிடித்தது. முதலில் அவனுடைய நல்ல பழக்கத்தை மாற்ற வேண்டியிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டு வந்தேன். அவன் ரம்பத்தில் நின்றுகொண்டு, விதிப்படி தலையை மட்டும் அசைத்தான். நான் கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு போய்விட்டேன். மதியம் எல்லாரும் ஆஷ்லியாம்ஃபூ நூடுல்ஸ் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்.

"ஏன் தம்பி, காலைல சலாமையும் சேத்து முழுங்கிட்டு வந்தியா?"

"அண்ணே, ரம்பத்துல நின்னேன். நீங்கதான் சுவத்துல..."

"எழுதினேன். ஊருக்கு எழுதினேன். நீ எங்க வீட்டுப் பொண்ணக் கேட்டு வந்தவன். உனக்கும் ஊருக்கும் ஒண்ணா?"

பாக்கித் நூடுல்ஸை வாயில் வைத்துக்கொண்டே, "போச்சு மிர்லான். இனி பல்லு வெளக்கும்போது அண்ணன் வந்தாலும் பிரஷ்ஷத் தூக்கிப் போட்டுட்டு ஓடி வந்துடு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மிர்லானுக்குக் காது சிவந்துவிட்டது.

மறுநாள் வட்டு முழுக்க நின்ற பிறகு வந்து கை கொடுத்தான். நான் விரல் நுனியை மட்டும் தொட்டுவிட்டு நகர்ந்தேன். அதற்கடுத்த முறை வட்டு நிற்பதற்குக் கொஞ்சம் முன்னதாகவே வந்தான். கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன். குதிரைக்குட்டியைக் கைக்குப் பழக்குவது மாதிரிதான் இது, வருகிற வேகத்துக்குத் தகுந்தபடி சர்க்கரை. மூன்றாம் வாரத்தில் விசையை விட்ட கையோடு, வட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே இரண்டு கையையும் நீட்டத் தொடங்கிவிட்டான். அன்று அவன் அம்மாவின் உடல்நலத்தை விசாரித்தேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இயந்திரத்தில் நான் அதிகம் செய்யவில்லை. விசையை விட்டால் இரண்டு மூச்சு விடுவதற்குள் வட்டை நிறுத்துகிற பிரேக் ஒன்று அதில் உண்டு. பிப்ரவரியிலிருந்தே அது தேய்ந்துவிட்டது, பத்து எண்ணும்வரை வட்டு சுற்றும். பதிவேட்டில் "சரி" என்று எழுதினேன். தலையை மேலே தூக்குகிற சுருள்வில்லும் தளர்ந்திருந்தது. கைப்பிடியை விட்டால் தலை பாதி உயரத்திலேயே நிற்கும். அதற்கும் "சரி". பதினேழு நாள் பதிவு இருக்கிறது, எல்லாம் என் கையெழுத்துதான். வட்டை மூடியிருக்கிற தகட்டை மட்டும் சம்பவத்தன்று காலை மெல்லிய செம்புக் கம்பியால் மேலே தூக்கிக் கட்டினேன். மிர்லான் கவனித்துவிட்டான்.

"அண்ணே, மூடியக் கட்டி வெச்சிருக்கீங்க?"

"குறுகல் சட்டம் தம்பி. மூடி மறைச்சா கோடு தெரியாது. இந்த ஒரு கட்டு முடிஞ்சதும் அவுத்துடறேன்."

"சரிண்ணே" என்றான். வேறு யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டான்.

மார்ச் ஏழாம் தேதி, காலை பதினோரு மணி. தூள் உறிஞ்சி ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடினால் கத்தினால்தான் கேட்கும். காதுக்கவசம் போட்டிருந்த அவனுக்கு வட்டு சுற்றுகிற சத்தம் கேட்க வழியில்லை. அவன் இடக்கை மரத்தைப் பிடித்திருந்தது, வலக்கை கைப்பிடியில் இருந்தது. நான் அவனுக்கு வலப்பக்கமாகப் போய் நின்றேன். எந்தப் பக்கம் நிற்பது என்று இரண்டு நாள் யோசித்திருந்தேன். வலப்பக்கம் நிற்கிறவனுக்கு இரண்டு கையையும் கொடுக்க வேண்டுமென்றால், இடக்கை வட்டின் முன்னால் குறுக்கே கடந்துதான் வர வேண்டும். ஒரு கையை மட்டும் கொடுக்கிற ஊராக இருந்தால் இந்த யோசனையே பலித்திருக்காது.

வெட்டி முடித்தான். விசையை விட்டான். அந்த நேரத்துக்குத்தான் காத்திருந்தேன். இரண்டு கையையும் நீட்டி, முகம் நிறையச் சிரித்து, அவன் காதுக்கவசத்தையும் தாண்டிப் பட்டறைக்கே கேட்கும்படி கத்தினேன்.

"கையக் குடு மாப்ளே."

அதுவரை தம்பி என்றுதான் கூப்பிட்டிருந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். ஒரு மனிதன் அப்படி மகிழ்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. வலக்கையைக் கொடுத்தான், இடக்கையும் கூடவே வந்தது.

நான்கு விரலும் உள்ளங்கையில் பாதியும் போயின. கட்டைவிரல் நின்றது. நானே என் இடுப்பு வாரைக் கழற்றி அவன் முழங்கைக்கு மேலே இறுக்கினேன். அதனால்தான் உயிர் பிழைத்தான் என்று மருத்துவர் சொன்னார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். விரல்களைப் பனியில் வைத்துத்தான் அனுப்பினேன், ஒட்டவைக்க முடியவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் கம்பியை அவிழ்த்துவிட்டேன். இதோ, இதுதான் அந்தக் கம்பி. ஆய்வுக்கு வந்தவர் சுவர் எழுத்தைப் படம் பிடித்துக்கொண்டு, தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டுப் போனார். முதலாளி என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஒன்றை விட்டுவிட்டேன். அவனுடைய வலக்கையை நான் விடவில்லை. இடக்கை வட்டை நெருங்கியபோது காற்று பட்டோ என்னவோ அவனுக்குத் தெரிந்துவிட்டது, பின்னால் சாய்ந்தான். நான் என் பக்கம் இழுத்தேன். கொஞ்சம்தான் இழுத்தேன். முழுசாகச் சொல்லுங்கள் என்றீர்கள், அதனால் சொல்கிறேன்.

இவ்வளவும் நான் நினைத்தபடியே நடந்தது. பிறகு நடந்ததுதான் என் கணக்கில் இல்லாதது. மூன்றாம் நாள் மருத்துவமனைக்குப் போனேன். பெர்மெத் கட்டிலருகே கிண்ணத்தில் சூப்போடு உட்கார்ந்திருந்தாள், பாக்கித்தும் இருந்தான். மிர்லான் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"தப்பு என்னுதுண்ணே. அவ்வளவு பெருசா எழுதி வெச்சிருக்கீங்க. சந்தோஷத்துல எல்லாம் மறந்துபோச்சு." பிறகு, "அண்ணே, மாப்ளேன்னு கூப்பிட்டீங்களே, அது நெசந்தானே?" என்றான்.

பெர்மெத் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பாக்கித் முந்திக்கொண்டான்.

"என்னடா கேள்வி? பத்து பேர் பாத்தோம். கையும் குடுத்தாச்சு, மாப்ளேன்னும் சொல்லியாச்சு. இனி அண்ணனே நெனச்சாலும் மாத்த முடியாது."

நான் எதிர்பார்த்ததை மிர்லான் சொல்லத்தான் செய்தான். "வேணாம் பெர்மெத். ஒத்தக் கையன நம்பி வராத" என்றான். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவனைப் பற்றி நான் போட்ட கணக்கு தப்பவில்லை. அவளைப் பற்றித்தான் தப்பிவிட்டது.

"அந்தக் கை எதுக்காகப் போச்சு? என்னக் கேட்டு நீட்டினதுலதான போச்சு. இப்ப நான் வரலன்னா நானெல்லாம் ஒரு மனுஷியா?" என்றாள். அவள் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். என்னை அவள் பார்க்கவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரப் பெரியவர்கள் வீட்டில் கூடினார்கள். ரொட்டியைப் பிட்டு வைத்துப் பேசினார்கள். வீட்டு மூத்தவன் பத்துப் பேர் பார்க்கக் கொடுத்த கை, அது நிற்கும் என்று முடிவு செய்தார்கள். ரத்தம் சிந்தி வாங்கிய சம்மதம் என்று ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை நிக்காஹ், அன்றே அல்மாட்டிக்குப் புறப்படுகிறார்கள். பெர்மெத் என் முன்னால் வந்து, "மனசார வாழ்த்துங்க மாமா" என்றாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் கையேந்தி ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டேன். மூன்று நாளாக அவள் பெட்டி கட்டுகிறாள். சாம்பல் நிறச் சால்வையை மட்டும் இன்னும் வெளியே வைத்திருக்கிறாள், குளிருக்கு.

நீங்கள் என்னைத் தேடி வரவில்லை. யாரும் என்மேல் சந்தேகப்படவில்லை. மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று எழுத வேண்டாம், அது பொய்யாகிவிடும். நான் வந்தது ஒரு விஷயத்தைப் பதிவு செய்ய. மார்ச் ஏழாம் தேதி நான் மிர்லானுக்குக் கொடுத்தது சம்மதம் அல்ல. அவன் கையை வட்டுக்குள் வரவைக்கக் கொடுத்த கை அது. மாப்ளே என்றதும் அதற்காகத்தான். பொய்யாகக் கொடுத்தது செல்லாது. சட்டம் படித்தவர் நீங்கள், உங்களுக்குத் தெரியும். இதில் முத்திரை போட்டு, வெள்ளிக்கிழமைக்குள் பெரியவர்கள் முன்னால் படித்துக் காட்டுங்கள். பெர்மெத்துக்கும் படித்துக் காட்டுங்கள், மெதுவாக. நான் எவ்வளவு யோசித்து, எவ்வளவு பொறுமையாகச் செய்தேன் என்று கேட்டால் அவளுக்குப் புரியும். எல்லாம் அந்தக் குழந்தைக்காகத்தான் என்று புரியும்.

நான் உள்ளே போய்விட்டால் சாய்காலை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான், அதை நான் யோசிக்கவில்லை. மிர்லானுக்கு அவள்மேல் பாசம் உண்டு, அல்மாட்டியில் நல்ல பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன. அவன் அவளை அழைத்துக்கொண்டு போகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். பெர்மெத் மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.